சிங்கத்தின் வாய் தெருப்பக்கம்

அட, அந்தப் படத்த மொதல்ல உள்ள வைங்க சார். இந்த வெயிலுக்கு நெறம் போயிரும். சீமையிலருந்து தபால்ல வந்ததுன்னு வேற சொல்றீக, பத்திரமா வைக்க வேணாமா. பாத்துட்டேன், நல்லாப் பாத்துட்டேன். பவுண்டன் நட்டநடுத் தோட்டத்துல நிக்கிது. சுத்தி நாலு வெள்ளைக்காரச்சிக கொடை புடிச்சுக்கிட்டு நிக்கிறாளுக. இங்க பாத்தா பவுண்டன் செவத்துல இருக்கு, சிங்கத்தோட வாயி தெருப்பக்கம் இருக்கு. ஏம்மா இப்பிடின்னு கேக்குறீக. கேக்க வேண்டிய கேள்விதான்.

விசயம் என்னன்னு எனக்கும் தெரியும் சார். நாளைக்கழிச்சு தெறப்பு விழா. அதுக்குள்ள நீங்க இந்தப் படத்தயும் பாத்து எடத்தயும் பாத்து எழுதிக் குடுக்கணும். சரின்னு எழுதுனா பவுண்டன் இங்கயே இருக்கும். தப்புன்னு எழுதுனா இத ஒடச்செடுத்து நடுத் தோட்டத்துல கொண்டுபோயி வச்சுருவாக. அப்பறம் எங்க உப்புக்கிணத்துச் சந்து, நாப்பத்திமூணு வீடு, பழையபடி கொடத்தத் தூக்கிக்கிட்டு திண்டுக்கல் ரோட்டத் தாண்டி அரிசி மில்லுக்கு ஓடணும். இம்புட்டுத்தான். ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்கு வராது. எம் பேரு மாயக்காள். தோட்டத்துல கூட்டுறது, செடிக்குத் தண்ணி விடுறது எல்லாம் நாந்தான். தினக்கூலி.

எங்க மாமனாரையா. பேயாண்டிங்கிறது அவருதான், பழைய எடமெல்லாம் காட்டுனவரு அவருதான். பாக்கலாம், பாக்காமயா போகப் போறீக. இப்பத்தான் கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தாரு. எண்பத்தெட்டு வயசு, ரெண்டு கண்ணும் அவிஞ்சு பன்னெண்டு வருசமாச்சு. பாதித் தூக்கத்துல எழுப்புனா கலெக்டருன்னும் பாக்க மாட்டாரு, வைவாரு. அவரா முழிக்கட்டும். அது வரைக்கும் இந்தப் பாலத்துக் கல்லுல உக்காருங்க, நெழலு இருக்கு. ஏ மலையம்மா, கொடத்த அங்கிட்டு நகட்டுடி, சாரு காலு வைக்கட்டும்.

தோட்டத்துக் கதையா. எழுதிக்கங்க, நோட்டு வச்சிருக்கீகள்ல. ஆபீசுல இதுக்கு என்ன பேரோ எனக்குத் தெரியாது. ஊருல இது பூட்டுத்தொரைத் தோட்டம். அவரு சொந்தப் பேரு நம்ம வாயில நொழையாது. ரயிலுப் பாதை போட வந்தவரு. சாயங்காலம் காத்து வாங்குறதுக்குன்னு பதினோரு ஏக்கரு வளைச்சு, எங்கெங்கருந்தோ செடி கொண்டாந்து வச்சிருக்காரு. எல்லாச் சனமும் வரலாம்னு போர்டும் வச்சாராம். ஆனா அவரு உள்ள இருக்கையில கேட்டப் பூட்டிருவாரு. வெளிய போகையிலயும் பூட்டிருவாரு. அப்ப சனம் எப்பத்தான் உள்ள போறதுங்கிறீகளா. அதத்தான் ஊரும் கேட்டுச்சு. சாவி அவரு இடுப்புலயே கெடக்குமாம். அதனாலதான் பூட்டுத்தொரை.

சனிக்கெழமையானா பேண்டு வாசிப்பாக, கேக்கு திம்பாக. வேல செய்ய மட்டும் நம்ம ஆளுக. எங்க மாமனாரு ஒம்போது வயசுலயே அவுக அப்பனோட உள்ள போயிட்டாரு. கமலை எறைக்கிற வேல. மாட்டப் பூட்டி கெணத்துலருந்து தோல்சால்ல தண்ணி எறைச்சு மேல இருக்க தொட்டிய ரொப்பணும். அந்தத் தொட்டித் தண்ணிதான் பவுண்டன்ல வந்து பீச்சும். தானா பீச்சுற மாதிரி பாக்குறவுகளுக்குத் தெரியும். விடியக் கருக்கல்லருந்து ரெண்டு மாடும் ரெண்டு மனுசனும் நடந்து நடந்து பீச்சுன தண்ணி சார் அது. இத எழுதுனீகளா. எழுதுங்க, இது நெசம்.

மத்தது நெசமில்லையான்னு கேக்காதீக. கதையச் சொல்ல விடுங்க.

அப்பறம் தொரை போயிட்டாரு. சொதந்திரம் வந்துச்சு, கேட்டத் தொறந்தாக. தொறந்ததும் கழுத தேஞ்சு கட்டெறும்பான கதைதான். மொத ஆடு வந்துச்சு. அப்பறம் சர்க்கஸ் வந்துச்சு. பரவை மார்க்கெட்டுக்குப் போற லாரியெல்லாம் ராத்தங்க வந்து நின்னுச்சு. புளி காயப் போட்டாக, கட்சிக் கூட்டம் போட்டாக. சுத்தி ஈட்டி மாதிரி கூரா இரும்புக் கம்பி வேலி இருந்துச்சு. அது ஒவ்வொண்ணா நடந்து போயிருச்சு. சத்தியமா சார், அதுக்குக் காலு இருந்திருக்கணும். எங்க வீட்ல துணி காயப்போடுற கொடி ரெண்டு கம்பியில நிக்கிது, அது எங்கருந்து வந்துச்சுன்னு எங்களுக்கே ஞாபகமில்ல.

ரெண்டு வருசத்துக்கு முந்தி மாநாடு நடந்துச்சுல்ல, ஊரெல்லாம் வளைவு கட்டி, செவத்துக்கெல்லாம் வெள்ளையடிச்சு. அப்ப ஒரு வெள்ளக்காரரு வாடகக் காருல வந்து இங்க எறங்குனாரு. பூட்டுத்தொரையோட பேரனாம். எங்க தாத்தா தோட்டம் எங்கன்னு கேட்டிருக்காரு. கூட வந்த ஆபீசருக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஏன்னா அந்த மனுசன் நின்னுக்கிட்டு இருந்ததே தாத்தா தோட்டத்துலதான். கால்மாட்டுல ஒரு எரும படுத்திருந்துச்சு. அவரு நல்ல மனுசன், எருமயையும் சேத்துப் படம் புடிச்சுக்கிட்டுப் போனாரு. ஆபீசருக்குத்தான் மானம் போயிருச்சு. அந்த ரோசத்துல தோட்டத்தப் பழையபடி ஆக்கணும்னு மேல எழுதி, உத்தரவும் வாங்கிட்டாரு. இப்ப நீங்க வச்சிருக்க படமும் அந்தப் பேரரு அனுப்புனதுதான. வந்ததுதான் வந்துச்சு, ஒரு வருசம் முந்தி வந்திருக்கப்படாதா. பவுண்டன் கட்டி முடிச்சப்பறம் வந்து நிக்கிது.

வேலைய எடுத்து செய்ய வந்தவரு இஞ்சினியர் ராதாகிருஷ்ணன். தங்கமான பிள்ள. அந்தப் பிள்ளைக்கு ஒரே கவல, பழசு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே வைக்கணும். ஒரு பாத்தி ஒரு அடி தள்ளக் கூடாது. ஆனா வரைபடம் இல்ல. கரையான் தின்னுருச்சா, எவனாச்சும் கடல மடிச்சுட்டானான்னு தெரியல. அதனால தமுக்கடிக்கச் சொன்னாரு. தொரை தோட்டத்துச் சாமான் யாரு வீட்ல இருந்தாலும் கொண்டாந்து குடுங்க, ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டோம், ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் தாரோம்னு.

எவர்சில்வர் டம்ளருன்னதும் நம்ம சனம் சும்மா இருக்குமா. மூணு நாளு திருவிழாதான். கம்பி வந்துச்சு, அது நியாயம். அப்பறம் ஒருத்தன் ஆட்டுக்கல்லக் கொண்டாந்தான். தொரை மாவாட்டுனாராடான்னு கேட்டா, தொரைச்சானி ஆட்டுச்சுங்கிறான். ஒரு ஆளு சலூன் நாக்காலியத் தூக்கிட்டு வந்துட்டான். ஒரு கெழவி பித்தள அண்டா கொண்டாந்து குடுத்துட்டு, டம்ளர வாங்கிக்கிட்டு, ராத்திரியே வந்து அண்டாவயும் தூக்கிட்டுப் போயிட்டா. இஞ்சினியரு எல்லாத்தயும் வரிசையா நோட்டுல எழுதுனாரு பாருங்க, எனக்கே பாவமாப் போச்சு. கேக்குறவன் கேனையா இருந்தா எரும மாடு ஏரோப்ளேன் ஓட்டுமாம். அவரு கேனை இல்ல. நம்புறவரு. நம்புறவர ஏமாத்துறது பாவந்தான், அது எனக்கும் தெரியும்.

பவுண்டனுக்கு வாரேன், வாரேன். அவசரப்படாதீக.

பவுண்டனுக்குன்னு மெயின் கொழாயிலருந்து புதுசா ஒரு லைன் போடப் போறோம்னு அந்தப் பிள்ள ஒரு நாளு சொன்னாரு. செடி நனைச்சுக்கிட்டு இருந்த நான் அப்பிடியே நின்னுட்டேன். நல்ல தண்ணி சார். ஆத்துத் தண்ணி. எங்க சந்துக் கெணத்துத் தண்ணியில சோறு வச்சா உப்புப் போட வேணாம், அம்புட்டுக் கரிப்பு. பதினாலு வருசமா ஒரு கொழா வேணும்னு மனுக் குடுக்குறோம். கைநாட்டு வச்சு வச்சு எங்க கட்டவெரலே நீலமாப் போச்சு. மனுசங்களுக்கு வராத தண்ணி பூவுக்கு வருது. எனக்கு ஆத்திரம் வந்துச்சா, வந்துச்சு. அதவிட யோசன வந்துச்சு.

ஏன்னா தண்ணி இல்லாட்டி தாகம் மட்டும்தான்னு நெனைக்கிறீக. எங்க சந்துல பதினேழு பயலுக கல்யாணமாகாம நிக்கிறாங்க சார். எம் மகன் சுருளிக்கு முப்பத்திரெண்டு. மில்லுல வேல, பீடி கூடக் குடிக்க மாட்டான். எட்டு எடம் பாத்தோம். எல்லாம் கூடி வரும், எந்தத் தெருன்னு கேப்பாக, உப்புக்கிணத்துச் சந்துன்னு சொன்னதும் காப்பிய வச்சிட்டு எந்திரிச்சிருவாக. எங்க பொண்ண காலம் பூராம் ரோட்டத் தாண்டித் தண்ணி தூக்கவா வளத்தோம்னு ஒரு மகராசி மூஞ்சிக்கு நேராவே கேட்டா. அவ கேட்டது தப்பில்ல. நானும் அப்பிடி நெனச்சு அழுதவதான், கல்யாணமாகி வந்த மறுநாளு.

சரி. பவுண்டன் எங்க இருந்துச்சுன்னு இஞ்சினியரு கேட்டாரு. எங்க மாமனாருக்குத் தெரியும்னு சொன்னேன். அது பொய்யில்லையே. இந்த ஊருல அத அறிஞ்சவரு இப்ப அவரு ஒருத்தருதான். மறுநா வெள்ளனா கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். அவரு முன்னால நடக்க, பின்னாலயே ஒரு ஆளு சுண்ணாம்புப் பொடிக் கூடையோட வாரான். மாமனாரு எங்க நின்னு கால ஊண்டி இன்னதுன்னு சொல்றாரோ, அங்க அவன் கோடு கிழிப்பான். பாதை, ரோசாப் பாத்தி, பேண்டு மேடை எல்லாம் அப்பிடித்தான் குறிச்சாக. நீங்க படத்தோட வச்சுப் பாத்தீகள்ல, எல்லாம் ஒட்டுதா இல்லையா. ஒட்டுதுல்ல. கண்ணில்லாத மனுசன், காலுலயே தோட்டத்த வச்சிருந்தாரு. கடைசியா இந்தச் செவத்துக்கு வந்து கை வச்சு, பவுண்டன் இங்கதான், வாயி தெருப்பக்கம்னு சொல்லிட்டாரு.

மத்ததெல்லாம் ஒட்டி இது மட்டும் ஏன் ஒட்டலைங்கிறீக. அது வந்து சார், படம் புடிச்சவன் எங்க நின்னு புடிச்சானோ. தொரை பவுண்டன மாத்தி வச்சிருக்கலாம்ல. பணக்காரவுக வீட்ல பீரோவ மாத்தி மாத்தி வைக்கிறதில்லையா.

சிரிக்காதீக. சாட்சி இருக்கு. இஞ்சினியரும் உங்கள மாதிரித்தான், ஒரு ஆளு வார்த்தைய வச்சு எப்பிடின்னு ஒரு மாசம் யோசிச்சாரு. தோண்டிப் பாத்துருவோம்னு நாந்தான் சொன்னேன். செவத்தோரமா மூணடி தோண்டுனா, மண்ணுக்குள்ளருந்து சிங்கம் வருது. பாசி புடிச்சு, மூக்கு ஒடஞ்சு, நூறு வருசத்துச் சிங்கம். தோண்டுனவன் மம்பட்டியப் போட்டுட்டுக் கும்புட்டுட்டான். பொம்பளைக கொலவ போட்டாளுக. இஞ்சினியரு கண்ணுல தண்ணி நின்னுச்சு. இந்தா, இப்ப செவத்துல வாயத் தொறந்துக்கிட்டு இருக்கே, அதே சிங்கந்தான்.

என்னது, படத்துல சிங்கம் இல்லையா. குடுங்க பாப்போம். இது என்னது. கொக்கா. ரெண்டு கொக்கு கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கிதா. இதக் கவனிக்கலையே நான். கொடை புடிச்சவளுகளப் பாத்தேன், கொக்கப் பாக்கலை.

சரி சார். நீங்க படிச்சவுக, ஒரு நோக்குல கண்டுபுடிச்சிட்டீக. இனிமே மறைச்சு என்னத்துக்கு. முத்திருளன்னு ஒரு ஆளு, பழைய வீடு இடிச்ச சாமான் வாங்கி விக்கிறவரு. திருமங்கலத்துல ஒரு பஞ்சு வியாபாரி வீட்ட இடிச்சப்ப எடுத்தது, மாடியில மழத்தண்ணி விழுகுற வாயி இந்தச் சிங்கம். அவரு கடையில கெடந்துச்சு. எங்க சந்துப் பொம்பளைக ஆறு பேரு போயி சாக்குல சுத்தித் தூக்கிட்டு வந்தோம். வெலையெல்லாம் இல்ல. அவரு மகனும் இந்தப் பதினேழுல ஒருத்தன். பதினஞ்சு நாளு சாணித் தண்ணியும் வடிகஞ்சியும் ஊத்தி நெழல்ல வச்சோம், பாசி எப்பிடி ஏறுச்சுங்கிறீக, பட்டுத் துணி மாதிரி. மூக்க ஒடச்சது இந்தா நிக்கிறாளே மலையம்மா, இவதான். முழுசா இருந்தா நம்ப மாட்டாகன்னா. வெவரமானவ. அப்பறம் ஒரு ராத்திரி செவத்தோரமாப் பொதச்சுட்டோம்.

பொய்யிதான். நான் இல்லைங்கல. ஆயிரம் பொய்யச் சொல்லியாச்சும் ஒரு கல்யாணத்தப் பண்ணி வைன்னு பெரியவுக சொல்லியிருக்காக. நாங்க சொன்னது ஒரே ஒரு பொய்யி, அதுல பதினேழு கல்யாணம் நடக்கணும். கணக்குப் போட்டுப் பாத்தா லாபந்தான. எம் மகனுக்கு அமைஞ்சிருச்சு சார். பொண்ணு திருப்பரங்குன்றம். அழகம்மா. அவுக அப்பா கண்ணுச்சாமி கல்லு கொத்துறவரு, வேலையா இங்க வந்தாரு. வந்தவரு சிங்கத்து வாயில தண்ணி குடிச்சாரு, செவத்தப் பாத்தாரு, சந்தப் பாத்தாரு. வீட்டு வாசல்லயேவா இப்பிடித் தண்ணி வருதுன்னு கேட்டாரு. சிங்கம் எங்க சொந்தக்காரரு மாதிரின்னு சொன்னேன். ஆவணியில கல்யாணம். இப்பத் தெரியிதா, இந்தப் பவுண்டன ஒடச்சா என்னென்ன ஒடையும்னு.

அப்ப பெரியவரும் நீ சொல்லிக் குடுத்துத்தான் சொன்னாரான்னு கேக்குறீக. அதான, எனக்கு வேண்டிய கேள்வி இதுதான். இதுக்குத்தான் அவர எழுப்பாம உங்கள உக்கார வச்சுப் பேசிக்கிட்டு இருக்கேன். அவருகிட்ட நீங்க நேராக் கேட்டா மனசு சங்கடப்படுவாரு. நானே சொல்லிர்றேன்.

மொத நா சாயங்காலம் அவருகிட்ட ஒக்காந்து கேட்டேன். மாமா, நாளைக்கு நான் கையில கிள்ளுற எடத்துல நின்னு பவுண்டன் இங்கன்னு சொல்லுங்க, போதும்னு. எங்கிட்டு வைக்கப் பாக்குற நீன்னாரு. செவத்துக்கு உள்பக்கம், மூலையில, கேட்டு வழியா வந்து புடிச்சுக்கிருவோம்னேன். மனுசன் மொறச்ச மொறப்பு, கண்ணு இல்லாமயே மொறச்சாரு. எண்பத்தெட்டு வயசு வரைக்கும் பொய் சொன்னதில்ல, சாகப்போற நேரத்துல என்னயப் பொய்யனாக்குறியா கழுதன்னு வஞ்சுபுட்டாரு. அம்புட்டுத்தான், கத முடிஞ்சுச்சுன்னு நெனச்சேன். ராத்திரி பூராம் எனக்குத் தூக்கமில்ல.

மறுநா நடந்தோம். ஒவ்வொரு எடமா நெசத்தத்தான் சொல்லிக்கிட்டு வந்தாரு. நடுத் தோட்டத்துக்கு வந்ததும் நின்னாரு. வெறுங்காலு. கட்டவெரலால மண்ணக் கிண்டுனாரு. அடியில ஒரு வட்டக் கல்லு இருக்கு சார், நீங்க வேணும்னா இப்பயும் போயித் தோண்டிப் பாருங்க. அவரு காலு அதக் கண்டுபுடிச்சிருச்சு. இஞ்சினியரு பக்கத்துல வந்து, பெரியவரே இங்கயா பவுண்டன்னு கேட்டாரு. எனக்குக் கிள்ளக் கூடத் தோணல.

பெரியவரு அந்தக் கல்லுலருந்து கால எடுத்தாரு. அப்பறம், இல்ல, இது தொரை குதிர கட்டுற எடம்னாரு. சொல்லிட்டு என் கைய ஒதறிட்டாரு. யாரு கையயும் புடிக்காம அவராவே நேரா நடந்தாரு. பூவரச மரம், பாத்தி, பழைய கெணத்து மேடு எல்லாத்தயும் தாண்டி இந்தச் செவத்துல வந்து முட்டி, உள்ளங்கையால ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, இங்கதான்னாரு. உள்பக்கமாங்க பெரியவரேன்னு இஞ்சினியரு கேட்டதுக்கு, வாயி தெருப்பக்கம்னாரு. தெருப்பக்கம் வைக்கணும்னு எனக்கே தோணல சார். நான் ஆசப்பட்டது மூலையில ஒரு கொழா. அவருதான் தெருவுல கொண்டாந்து வச்சாரு.

வீட்டுக்கு வந்து கேட்டேன், ஏம் மாமா, பொய்யே சொல்ல மாட்டேன்னீகளேன்னு. அப்பத்தான் சொன்னாரு. பதிமூணு வயசுல, சித்திரை மாசம், ஒரு சனிக்கெழம சாயங்காலம் வரைக்கும் கமலை எறைச்சிட்டு, நாக்கு வறண்டு போயி, இந்தப் படத்துல இருக்க கொக்குப் பவுண்டன்ல ரெண்டு கை அள்ளிக் குடிச்சிருக்காரு. தொரை பாத்துட்டாரு. இவர அடிக்கல. இவரு கண்ணு முன்னால இவுக அப்பன அடிச்சிருக்காரு, பிரம்பால, பேண்டு வாசிக்கிறவுகெல்லாம் பாக்க. அப்பன் வாயத் தொறக்காம வாங்கிட்டு மறுபடி மாட்ட ஓட்டப் போயிட்டாராம். அடிச்சவரு போயிட்டாரு, வாங்குனவரும் போயிட்டாரு, நாந்தான் மிச்சம்னாரு. அந்தத் தொட்டிக்கு எறைச்சது பூராம் நாங்க எறைச்ச தண்ணி, அத எங்க வைக்கணும்னு எனக்குச் சொல்ல உரிமை இருக்கு, இதுல என்னத்தடி பொய்யின்னு கேட்டாரு. இதுக்குப் பதில் உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.

இப்ப அவருக்கு ஒரு வேலதான். விடிஞ்சதும் வந்து இந்தச் சிங்கத்துக்கிட்ட நின்னு ரெண்டு கை அள்ளிக் குடிப்பாரு. தாகம் இருக்கோ இல்லையோ. யாராவது பாக்குறாகளான்னு கேப்பாரு. எல்லாரும் பாக்குறோம் மாமான்னு சொல்லுவேன். இன்னொரு வாட்டி அள்ளிக் குடிப்பாரு.

தெரியிது, தெரியிது, நீங்க உத்தியோகத்துல இருக்கவுக. உள்ளத உள்ளபடிதான் எழுதணும்னு சட்டம். உங்கள நான் கொற சொல்லல. படம் ஒண்ணு சொல்லுது, தோட்டம் ஒண்ணு சொல்லுது, மனசாட்சி எப்பிடி ஒத்துக்கும்னு கேக்குறீக. நாயமான கேள்வி. எழுதணும்னா எழுதிருங்க. வேணாம்னு சொல்ல நான் யாரு, தினக்கூலிக்காரி. பேனாவுக்கு மூடி அந்தா கீழ கெடக்கு.

அதுக்கு முன்னாடி தோட்டத்துக் கேட்டுக்கிட்ட ஒரே ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ஒண்ணுமில்ல, விழாவுக்கு ஒரு கல்லு வச்சிருக்காக, சாக்குப் போட்டு மூடி. யாரு தெறந்து வச்சா, எந்த வருசம், அதெல்லாம் கொத்தியிருக்கு. இந்தப் பவுண்டன் பழைய எடத்துலயேதான் இருக்குன்னு யாராச்சும் பெரிய படிப்புப் படிச்சவுக ஆராஞ்சு சொன்னதாக் கல்லுல போட்டாத்தான் மதிப்பா இருக்கும்னு இஞ்சினியரு யோசிச்சுக்கிட்டு இருந்தாரு. நீங்க வாரதா கடுதாசி அப்பத்தான் வந்துச்சு. கல்லுக்கு மேட்டரு பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே குடுத்தாகணும், கொத்துறதுக்கு நேரம் வேணும்ல. வரப்போற சாரு பேரையே போட்டுருங்கய்யா, அவரு பாத்துட்டுச் சரின்னுதான சொல்லப் போறாருன்னு நாந்தான் சொன்னேன். அவரும் சரிதானம்மான்னுட்டாரு. நம்புறவருன்னு சொன்னேன்ல.

கோவப்படாதீக சார், வெயில்ல தல சுத்தும். லட்சுமிநாராயணன், எம்.ஏ., மூணாவது வரி. எனக்கு எழுத்துத் தெரியாது, வெரல வச்சுத் தடவிப் பாத்தேன், நல்ல ஆழமாக் கொத்தியிருக்காரு, முந்நூறு வருசத்துக்கு அழியாது. அழிச்சுட்டு வேற கொத்தலாம்தான். ஆனா கல்லு கொத்துனவரு நம்ம சம்மந்தி கண்ணுச்சாமியாச்சே. ஆவணியிலருந்து அவரு மகதான் இந்தத் தண்ணியப் புடிக்கணும். அவரு எப்பிடி அழிப்பாரு சொல்லுங்க.

பெரியவரு இருமுறாரு, முழிச்சிட்டாரு போலருக்கு. வாங்க, பேசிட்டு வருவோம். ஆமா, உங்க அம்மா எங்க இருக்காக. இங்க தெப்பக்குளத்துலயேவா. அப்ப நாளைக்கழிச்சு அவுகளையும் கூட்டிட்டு வந்துருங்க சார், பிள்ள பேரு கல்லுல இருக்கத அவுகளும் பாக்கட்டும்.